வெள்ளி டொலருக்குப் பொட்டு

என் கணவர் சிவபாலனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. அமெரிக்காவில் வருடா வருடம் யாரையாவது நினைவுகூர்ந்து அடிக்கிற வெள்ளி டொலர்களை வரவழைத்துச் சேர்க்கிற வியாதி மட்டும் இருந்தது. பெயர்தான் டொலர். இத்தாலிக்காரர் ஊரில், பிரான்காச்சோப் பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் அதை நீட்டினால் ஒரு தக்காளிகூடத் தரமாட்டார்கள்.

வியாதி தொற்றிய இடம் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து நாணயச் சங்கம். அங்கே அவர் உறுப்பினர் இல்லை. இருபத்துநாலு வருடமாக வியாழன்தோறும் மண்டபத்தைக் கூட்டிக் கழுவுகிறவர். கிழவர்கள் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்பதைத் துடைப்பத்தோடு நின்று கேட்டதில் இவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. அவர்கள் சேர்ப்பது ஆயிரம் வருடத்துக் காசுகள். இவருக்குக் கட்டுப்படியானது நேற்று அடித்த காசு. "மெஷினில் செய்த பலகாரம்" என்று அவற்றை அவர்கள் நக்கலடிப்பார்கள்.

சங்கம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் மூன்று நாள் கண்காட்சி வைக்கும். ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் சேர்த்தவரின் பெயர் எழுதிய அட்டை. இந்த வருடம் ஒருவர் நோயில் விழுந்து ஒரு பெட்டி வெறுமையானது. தலைவரை எல்லாரும், படித்த மனிதர் என்ற மரியாதையில், தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இவரைக் கூப்பிட்டு, "சிவா, உன் டொலர்களைக் கொண்டுவா. உன் பெயரையும் போடுவோம்" என்றாராம்.

அன்று மனுசன் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தொன்பது வயது, இரண்டு முழங்காலும் வீங்கியபடி. வந்ததும் சாப்பிடாமல் என்னிடம் அதையே மூன்று தரம் சொன்னார். இந்த ஊரில் அவருடைய பெயர் எழுதியிருப்பது இங்கே இருக்க விடுகிற அனுமதி அட்டையான பெர்மெஸ்ஸோவிலும் கரண்ட் பில்லிலும்தான். கடிதப் பெட்டியில்கூட எங்களுக்கு முதல் குடியிருந்தவனின் பெயர்தான் இன்னும் இருக்கிறது. அவருக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் நான் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டேன். சலவை மெஷினுக்கு வைத்தேன். பெர்மெஸ்ஸோ புதுப்பித்து வந்தால் அதற்கும் வைப்பேன். காசு மட்டும் என்ன விலக்கா? காசு இருக்கிற கூட்டைத் திறக்கக்கூடாது, விரல் படக்கூடாது என்று இவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் இவர் வேலைக்குப் போன பிறகு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, காசில் இருக்கிற ஆளின் நெற்றியில் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து மூடிவிடுவேன். சில காசில் இருந்த கழுகுக்கும் வைத்தேன். அதற்கும் நெற்றி இருக்கிறது.

வியாழன் பின்னேரம் இருவருமாகப் போனோம். இரண்டு வீட்டு வேலை முடித்த களைப்பில் எனக்குப் பஸ்ஸிலேயே கண் சொருகியது. இவர் காசுப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

தொத்தோரே விளக்கின் கீழே முதல் காசைப் பிடித்தார். பிறகு இரண்டாவது. ஆறாவதில் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மங்கல் என்ன, சிவா?"

"பால் புள்ளி, தொத்தோரே. புது வெள்ளியில் வருகிறதுதானே."

"வரும். ஆனால் எல்லாருக்கும் நெற்றியிலேயா வரும்? சுற்றிவரத் துடைத்த கீறலும் இருக்கிறது."

இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"குகா, நீர் இதைத் திறந்தனீரோ?"

"ஓம்."

"எத்தினை?"

"எல்லாம்."

பக்கத்தில் கிடந்த கதிரையில் இவர் இருந்துவிட்டார். ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி மனதை ஆற்றியிருப்பேன். அவர் ஏசவில்லை.

"உங்களுக்கு நல்லது நடக்கோணும் எண்டுதான் வைச்சனான்," என்றேன்.

"நான் இவ்வளவு காலமும் அடிச்சவங்களிலை பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார். "அவங்களுக்கு மூண்டு கடிதமும் போட்டனான்."

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்த கையை வெறுத்தேன். தொத்தோரே நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "மற்றவர்கள் சிரிப்பார்கள், சிவா. வைக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் பார்த்துப் பார்த்து எங்கள் பெட்டிக்குள் அடுக்கினார். முப்பத்தாறு காசு. பாதியில் ஒன்றைப் பிடித்தபடி நின்றார்.

"இதில் ஒன்றுமே இல்லையே. கண்ணாடி மாதிரி இருக்கிறது."

குருடர்கள் விரலால் வாசிக்கிற எழுத்தைக் கண்டுபிடித்தவரின் முகம் போட்ட காசு அது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு.

"இதை மட்டும் வைப்போம். ஒன்று போதும்," என்றார் தொத்தோரே.

இவர் என்னைப் பார்த்தார். "இதை ஏன் விட்டனீர்?"

எனக்கே மறந்துபோயிருந்தது. அந்தக் காசு வைகாசி மாதம் தபாலில் வந்தது. என் ஒரே தம்பி கிருபன் அப்போது வன்னியில், முள்ளிவாய்க்கால் பக்கம். பங்கருக்கு மேலே ஷெல் விழுந்தது என்று முகாமுக்கு வந்துசேர்ந்த யாரோ போனில் சொன்னார்கள். எந்த நாள் என்று அவர்களுக்கும் தெரியாது, உடலைக் கண்டவர்களும் இல்லை. சாவுத் துடக்கு என்று சாமி விளக்கை அணைத்தேன். எந்த நாளிலிருந்து முப்பத்தொன்று எண்ணுவது? நாள் தெரியாமல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய முடியாது என்றார்கள். பேப்பரில் மரண அறிவித்தல் போடவும் திகதி கேட்டார்கள். ஆவணி வரைக்கும் நான் சாமிப்படத்துக்கு முன்னால் போகவேயில்லை. பிறகு விளக்கேற்றியபோது இந்தக் காசின் நினைவு எனக்கு வரவில்லை.

"அது கிருபன்ரை மாதம்," என்றேன்.

இவர் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

தொத்தோரே வெள்ளை அட்டையும் பேனையும் கொண்டுவந்தார். "பெயரை நீயே எழுதிவிடு. உங்கள் பெயர்களை நான் பிழையாக எழுதிவிடுவேன்."

இவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் ஆறுதலாக எழுதினார். ஒரு காசென்றாலும் வைத்தார்களே என்று நான் மூச்சு விட்டேன். தொத்தோரே அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்: "கி-ரு-பன்."

நான் இவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன். "என்ன செய்யிறியள்? உங்கடை பேரை எழுதுங்கோ."

"அவன்ரை பேரை ஒரு இடத்திலையும் போடேலாமல் போச்செல்லே," என்றார். "இருக்கட்டும். மூண்டு நாள்தானே."

பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மண்டபத்தைக் கழுவத் தொடங்கினார். அன்று வியாழக்கிழமை.

கண்காட்சிக்கு வந்தவர்கள் இவரிடம் கை கொடுத்து "சிஞ்ஞோர் கிருபன்" என்றார்கள். இவரும் ஒவ்வொரு தரமும் நன்றி சொன்னார். திருத்தவேயில்லை. இருபத்துநாலு வருடம் ஆசைப்பட்டதை இந்த மனுசன் இப்படிக் கொடுத்துவிட்டு நிற்கிறதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் இவர் வெளியே போயிருந்தபோது ஒரு கிழவி குனிந்து அந்த அட்டையை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்கள் கணவரா?"

"இல்லை. என் தம்பி."

"வந்திருக்கிறாரா?"

"இல்லை," என்றேன். "செத்துப்போனான். இரண்டாயிரத்து ஒன்பதில்."

பதினாறு வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கிழவி சிலுவை போட்டுக்கொண்டு என் தோளில் கையை வைத்தாள், பிறகு அடுத்த பெட்டிக்குப் போனாள். நான் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, மண்டபத்தில் ஆட்கள் நிற்க நிற்க அழுதேன்.