மதிலுக்கு வெளியே எண்ணியவள்

கைப்பையிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்து நிர்மலா நீட்டியபோது பாலசந்திரன் அதை வாங்காமல், குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. நீச்சல்குளத்து வாசலில் பெண்கள் பேட்சுக்கு வந்த பத்துப் பதினைந்து பேர் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அறுபத்தொரு வயது அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயதுத் தங்கை நடுரோட்டில் நின்று செங்கல் கொடுப்பதைப் பார்த்து ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பேடா நிம்மி, வேண்டாம். வெயிலு பாரு எப்படி அடிக்குது. நான் வீட்லயே இருந்திருப்பேன்.”

“ஒரு மணி நேரம்தான் அண்ணா. புங்க மரத்தடியில நிழல் இருக்கு. நான் ரெண்டு சம்மர் நின்னேன். நீ ஒரு நாள் நிக்கமாட்டியா?”

பாலசந்திரன் செங்கல்லை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, மதிலைச் சுற்றிப் பின்பக்கச் சந்துக்குப் போனார். பெங்களூரில் மகன் வீட்டிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். வந்ததிலிருந்தே இந்தப் பேச்சை எடுத்தால் முழங்கால் வலி, பேப்பர் வரவில்லை, சாம்பாரில் உப்பு குறைவு என்று வேறெதையாவது பேசிக்கொண்டிருந்தார். நிர்மலா விடவில்லை. விடுவதற்கு நாளும் இல்லை. நாளைக் காலை ஆட்கள் வந்து குளத்தின் உயரப் பலகையை அறுத்து எடுக்கப்போகிறார்கள். ஆழப் பக்கத்தையும் மேடாக்கி, குளம் முழுவதையும் ஒரே நான்கடி ஆழத்துக்குக் கொண்டுவருவதாக வாசலில் கன்னடத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆகவே அவளுக்கு மிச்சம் இருந்தது இன்றைய ஒரு மணி நேரம்தான். அந்தப் பலகையிலிருந்து ஒரே ஒரு தடவை குதிக்க வேண்டும். அண்ணன் வெளியே நின்று அதை எண்ண வேண்டும். இதற்காகத்தான் மார்ச் மாதம் நீச்சல் உடை வாங்கினாள், அதைப் போட்டுக்கொள்ள மூன்று நாள் தைரியம் சேர்த்தாள், மூக்கிலும் காதிலும் குளோரின் தண்ணீர் ஏற ஏறக் கைகாலை அடித்து ஒருவழியாக மிதக்கவும் நீந்தவும் கற்றுக்கொண்டாள்.

ஆசை நாற்பத்தெட்டு வருஷத்துப் பழையது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். யார் யாரையோ பிடித்துக் கெஞ்சி, பாலுவுக்கு மட்டும் கோடைக்கால பாஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கும் ஒன்று வாங்கலாமே என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நிர்மலாவுக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. பையன் குளத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போய்விடக் கூடாது என்று அம்மா அவளைக் கூடவே அனுப்பினாள். அவன் வாசல் வழியாக உள்ளே போவான், அவள் பின்பக்கச் சந்துக்குப் போவாள். அங்கே மதிலின் அடியில் ஒரு துளை. குளத்தில் வழியும் தண்ணீர் அது வழியாக வெளியே வந்து சாக்கடையில் சேரும். பச்சையும் நீலமுமாக, மருந்து வாசனையோடு வரும் அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி அவள் காத்திருப்பாள். உள்ளே விசில் சத்தம், பையன்களின் கூச்சல், எல்லாம் கலந்து எங்கிருந்தோ வரும். திடீரென்று அண்ணன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

“நிம்மி, எண்ணிக்கோ!”

அடுத்த நொடி தொபீர் என்று ஒரு சத்தம். அவள் செங்கல் துண்டால் மதிலில் ஒரு கோடு போடுவாள். ஒரு நாள் நான்கு, ஒரு நாள் ஏழு, அம்மாவிடம் அவள் அடி வாங்கிய மறுநாள் பதினொன்று. இரண்டு கோடைக்கும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்று. ஈரத் தலையோடு வெளியே வந்து, வீடு போய்ச் சேரும்வரை அவன் கதை சொல்வான். பலகை நுனியில் நின்றால் எதிரே சாமுண்டி மலை நெற்றிக்கு நேராகத் தெரியுமாம். கீழே போகும்போது வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடுமாம். தண்ணீருக்குள் காது அடைத்து, யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்குமாம். நிர்மலா அதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னாள். சில நாள் தானே குதித்ததாகவும் சேர்த்துச் சொன்னதுண்டு. பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அங்கேயும் சொன்னாள். அண்ணன் கல்யாணத்தில் அண்ணியிடம் சொன்னாள். அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். என்ன ஒரு அடக்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இன்று ஆழப் பக்கத்தில் யாரையும் விடாமல் ரூபா கயிறு கட்டி வைத்திருந்தாள். ரூபாதான் பெண்கள் பேட்சின் கோச். எல்லையோரத்து மார்டள்ளி கிராமத்துக்காரி, இருபத்தாறு வயது, கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த தோள். இரண்டு மாதமாக நிர்மலாவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பொறுமை பழகிவிட்டது.

“மூக்கப் புடிச்சுக்கோங்க மேடம். காலு ரெண்டையும் சேத்து வெச்சு நேரா குதிங்க. நான் கீழ தண்ணியிலயே இருக்கறனுங்க.”

ஒன்பது இரும்புப் படிகள். மேலே போனதும் நிர்மலா முதலில் தண்ணீரைப் பார்க்கவில்லை, மலையைத் தேடினாள். எதிரே ஒரு அடுக்குமாடிக் கட்டிடமும் அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. சரி, கட்டிடம் புதுசு, மறைத்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சும்மா திரும்பிப் பார்த்தால், மலை முதுகுப் பக்கம், மரங்களுக்கு மேலே, கோபுரத்தோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. கட்டிடம் புதுசாக வரலாம், மலை இடம் மாறுமா? ஒருவேளை பலகையை இடம் மாற்றியிருப்பார்களோ? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

நுனிக்குப் போனாள். பலகை லேசாக அசைந்தது. அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து, “அண்ணா, எண்ணிக்கோ!” என்று கத்தினாள். குளத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கால் நகரவில்லை.

கீழே ரூபாவின் தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக மூழ்கி எழுந்த அதே தண்ணீர்தான், ஆனால் இங்கிருந்து பார்க்க வேறு யாருடையதோ போல இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். மூன்றுக்குப் பிறகு நான்கு வந்தது, பத்து வந்தது, முப்பதும் வந்தது.

“ஏனுங்க மேடம், பயமா இருந்தா எறங்கிருங்க. ஸ்வல்ப நேரம் கழிச்சு ஏறிக்கலாம்.”

கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒன்பது படியையும் பின்னோக்கி இறங்கினாள். வெட்கமாக இருந்தது. வெளியே வெயிலில் ஒரு மனுஷன் கையில் செங்கல்லோடு நிற்கிறாரே, அவரிடம் சொல்ல வேண்டுமே என்று உடைமாற்றும் அறைக்கு நடந்தாள். அந்தக் குளத்தில் ஒரே அறைதான். நேரத்துக்கு நேரம் ஆண்களும் பெண்களும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். இப்போது உள்ளே யாரும் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அண்ணனை அழைத்தாள்.

“அண்ணா, கேட்டுச்சா?” அவள் அடுத்து சொல்ல இருந்தது, நான் குதிக்கவில்லை என்பது.

“கேட்டுச்சு, கேட்டுச்சு! தொபீர்னு கேட்டுச்சு. சூப்பரா குதிச்ச. ஒரு கோடு போட்டுட்டேன். ஆயித்தா? முடிஞ்சுதுன்னா கெளம்பலாமா?”

நிர்மலா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டியிருந்த காது அது. பேசுகிறவர் அறைக்குள் இருக்கிறாரா, மாடிப்படியில் நிற்கிறாரா என்றுகூடச் சொல்லிவிடுவாள். அண்ணன் பொய் சொல்கிறார் என்று தெரிய அந்தக் காது தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொன்றுக்கு.

“நிம்மி? லைன்ல இருக்கியா?”

இரண்டு முறை கேட்டது. முதலில் மேலேயிருந்து, அரை நொடி கழித்துப் போனிலிருந்து.

அண்ணாந்து பார்த்தாள். சுவரின் உச்சியில் சிமெண்ட் ஜன்னல் ஒன்று, கம்பி போட்டது, காற்றுக்காக வைத்தது. அதற்கு அந்தப் பக்கம் புங்கை இலைகள் அசைந்தன. இரண்டு மாதமாக இந்த அறையில்தான் உடை மாற்றுகிறாள். முன்வாசல் வழியாகவே வந்து முன்வாசல் வழியாகவே போனதில், தான் நின்ற சந்து இந்தச் சுவருக்குப் பின்னால்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஜன்னலுக்கு நேர்கீழே ஒரு சிமெண்ட் தொட்டி. குளத்தில் இறங்குமுன் மேலுக்கு ஊற்றிக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. ஷவர் வந்த பிறகும் யாரும் இடிக்கவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. விளிம்பில் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது.

பலகை இருப்பதோ குளத்தின் அந்தக் கோடியில். அங்கே நின்று கத்தினால் இந்தச் சந்தில் கேட்காது. கேட்டாலும், “எண்ணிக்கோ” என்ற குரலில் இருந்த அந்தக் கும்மென்ற ஒலி இருக்காது. அது திறந்த வெளியில் கத்திய குரல் அல்ல. நான்கு சுவருக்குள் கத்திய குரல். அந்தக் குரலை நாற்பத்தெட்டு வருஷமாகக் காதில் வைத்துக்கொண்டு அலைந்தவளுக்கு இது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று.

முதலில் கோபம்தான் வந்தது. கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னேனே, வாயைத் திறந்தாயா என்று கேட்கத் தோன்றியது. பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில், எல்லாரும் காவிரியில் இறங்கும்போது செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒதுங்கிக்கொள்ளும் அண்ணன் நினைவுக்கு வந்தார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? குடும்பத்தில் எத்தனை செருப்புகளை அவர் காத்திருக்கிறார்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளாமல் எப்படிப் போவது? போனை அணைத்துப் பையில் போட்டாள். வாளியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, கவிழ்த்த வாக்கில் தொட்டித் தண்ணீரில் ஓங்கி அடித்தாள்.

தொபீர்.

அதே சத்தம்தான். முகமெல்லாம் நனைந்தது. சந்தில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. அது போன பிறகு, ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, போன் இல்லாமலே, தணிந்த குரல் ஒன்று வந்தது.

“நூத்தி நாப்பத்தி ரெண்டு.”

நிர்மலா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கை அவளிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

“தண்ணியில எறங்கவே இல்லியா அண்ணா?” சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“ஒரு நாள் எறங்கினேன். இடுப்பு வரைக்கும்.” ஜன்னலுக்கு வெளியே செருப்பு மண்ணில் உரசியது. “அப்பா அவ்ளோ பேரக் கெஞ்சி பாஸ் வாங்கினாரு. வெளிய நீ வேற நின்னுட்டிருந்த. ஒண்ணுமில்லாம எப்படி வெளிய வர்றது, சொல்லு.”

அண்ணன் எங்கேயோ உயரத்தில், மலைக்கு நேரே, எட்டாத இடத்தில் இருக்கிறான் என்றுதான் சாக்கடைத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவள் நினைத்திருந்தாள். அவனோ ஒரு மணி நேரமும் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், அவளுக்காக வாளியைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதை நினைக்கக் கண் நிறைந்துவிட்டது. தொட்டித் தண்ணீரையே அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ரூபா வாசலில் வந்து எட்டிப் பார்த்து, “மேடம், கடைசியா ஒருக்கா ஏறிப் பாக்கறீங்களா? இல்ல கயித்த அவுத்துரட்டுங்களா?” என்றாள். நிர்மலா ஈரக் காலோடு அவள் பின்னால் நடந்தாள்.

இந்தத் தடவை படி ஏறும்போது மலையைத் தேடவில்லை. நுனிக்கு வந்து நின்றதும், கீழே பார்க்கக் கூடாது என்று பக்கவாட்டில் பார்த்தாள். உடைமாற்றும் அறையின் ஓட்டுக் கூரை, அதற்குப் பின்னால் புங்க மரம். மரத்தடியில் குடை இல்லை. போய்விட்டாரா? வெட்கப்பட்டு வீட்டுக்கே நடையைக் கட்டிவிட்டாரோ? பிறகுதான் கண்ணில் பட்டது. குளத்தின் நீளவாக்கு மதிலுக்கு மேலே, ஒரு கறுப்புக் குடையின் உச்சி மட்டும் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் முழுக்கப் புதரும் சாக்கடையும்தான், நடக்கப் பாதை கிடையாது. குடை ஓரிடத்தில் நின்றது, சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. முழங்கால் வலியோடு ஒரு மனுஷர் எதையோ தாண்டுகிறார். தாண்டி, இன்னும் கொஞ்சம் வந்து, ஆழப் பக்கத்துக்கு நேரே, பலகைக்கு நேரே, குடை அசையாமல் நின்றது.

“மேடம், யாரயாவது கூப்புடறதுன்னா கூப்புட்டுக்குங்க,” என்றாள் ரூபா தண்ணீரிலிருந்து.

வேண்டாம் என்று நிர்மலா தலையாட்டினாள். மதிலுக்கு அந்தப் பக்கம், கல்லில் செங்கல்லை வைத்துப் பார்க்கும் சின்னச் சுரண்டல் சத்தம் ஒன்று கேட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வயிறு மேலேயே நின்றுவிடுமா என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் கால் பலகையை விட்டிருந்தது.