வாயை மூடிப் படித்தவன்

ஆவுடைநாயகம் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது காது வழியாகத்தான். ஐப்பசி பிறந்ததிலிருந்து மச்சு அறையில் சத்தம் இல்லை. அங்கே அவர் மகன் ஐயம்பெருமாள் மெட்ரிகுலேஷனுக்குப் படித்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் எண்ணப்படி, படிக்காமல் இருந்துகொண்டிருந்தான்.

பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவில் படிப்பு என்றால் நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டும். பரீட்சை எழுதும் பையன்கள் ஐந்து பேர். விளக்கேற்றியதும் ஐந்து வீட்டிலிருந்தும் பூகோளமும் சரித்திரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டு, தொண்டையை வைத்தே இன்னான் தேறுவான், இன்னான் தேறமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். போன வருஷம் ஐயம்பெருமாளுக்குத்தான் முதல் தொண்டை என்று தெரு ஏகமனதாகச் சொல்லிற்று. அவன் சரித்திரத்தில் தோற்றான். தெரு தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. தாள் திருத்தியவர்கள் மேல்தான் குறை கண்டது.

இந்த முறையும் தோற்றால் களக்காட்டில் மைத்துனரின் வாழைத்தோப்புக்கு அனுப்புவது என்று பிள்ளை தீர்மானித்திருந்தார். ஒழுங்காகப் படிக்கவில்லை என்று தெரிந்தால் பரீட்சைக்கு முன்பே அனுப்பிவிடுவது என்று அதற்கு ஒரு கிளைத் தீர்மானமும் உண்டு.

காலமும் சரியில்லை. மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரை சுடப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வாலிபப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால் சதி. ஒருவன் தனியாக இருந்தால் அதைவிடப் பெரிய சதி.

"என்ன வே பிள்ளைவாள், உம்ம மச்சுல ஆள் இருக்கா?" என்று கேட்டார் எதிர்வீட்டு நேசையா. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

"இருக்கான். படிக்கான்."

"எனக்குக் கேக்கலையே."

தமக்கும் கேட்கவில்லை என்று சொல்லப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. பைய மச்சுப்படி ஏறிக் கதவிடுக்கில் பார்த்தார். சரித்திரப் புத்தகம் மூடியிருந்தது. பையனின் கண்ணும் மூடியிருந்தது. சற்றுக் கழித்துக் கண்ணை மட்டும் திறந்து, ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதினான். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திறந்து ஒரு பார்வை பார்த்தான். பிறகு தாளை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தான். பிள்ளை அவசரமாக இறங்கி, கிணற்றடியிலிருந்து வருகிறவர் மாதிரி நின்றுகொண்டார். பையன் நேரே வெந்நீர் அடுப்புக்குப் போய், தாளை உள்ளே செருகிவிட்டு மேலே போனான்.

"அது என்ன கடுதாசி?" என்று மனைவி சொர்ணாம்பாளிடம் கேட்டார்.

"யாரு கண்டா. பத்து நாளா போடுதான். வெந்நி சீக்கிரம் காயுது."

மறுநாள் காலையில் மகனைப் பிடித்தார். "ஏலே, யாருக்கு எழுதுத?"

"எனக்குத்தான்."

"உனக்கு நீயே எழுதி, நீயே எரிக்கியோ?"

"படிச்சதைப் புஸ்தகத்தை மூடிட்டு எழுதிப் பாக்கேன். எங்கன விட்டேனோ அதை மட்டும் மறுபடி படிக்கேன். போன வருஷம் கத்திக் கத்திப் படிச்சதெல்லாம் வாய்க்குத்தான் வந்துது. பரீட்சையில வாயைத் திறக்க விட மாட்டாங்களே, அப்பா."

"எரிக்கது எதுக்கு?"

"இருந்தா பாத்து எழுதத் தோணும்."

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது. அதுதான் பிள்ளையை உறுத்திற்று.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. சத்தம் வரணும். வரலைன்னா களக்காட்டுக்கு வண்டி பேசிருவேன்."

பையன் யோசித்தான். "எத்தனை மணி நேரம் வேணும்?"

"ரெண்டு."

"ஒண்ணு."

ஒன்றரையில் முடிந்தது.

அன்று சாயங்காலமே முதல் தொண்டை திரும்பி வந்தது. தெரு நிம்மதி அடைந்தது. பிள்ளை வாசலில் நின்று கேட்டார். அவர் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. இங்கிலீஷை அச்சுப் போல எழுதுவார், அர்த்தம் தெரியாது. அந்த உத்தியோகத்துக்கு அர்த்தம் தேவைப்படவும் இல்லை. ஆகையால் மகன் வாசித்ததில் ஒன்றும் விளங்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. எட்டாம் நாள் ஒரு வார்த்தை விளங்கிவிட்டது. மணியாச்சி.

அதே நேரத்தில் நேசையா தெருவைக் கடந்து வந்தார். "பையன் என்ன வாசிக்கான்னு தெரியுமா வே?"

"சரித்திரம்."

"ரயில் அட்டவணை. வண்டி எங்கன எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிஷம் நிக்கும்னு. மெட்ராஸ்ல புறப்பட்டவன் எட்டு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் மணியாச்சி வந்து சேந்திருக்கான். இந்த வருஷத்துல கத்தி வாசிக்க ஸ்டேஷனா அது?"

"எட்டு நாளா உமக்குத் தெரியுமா?"

"குரல் நல்லாருந்துது. சொல்ல மனசு வரலை."

பிள்ளை மச்சுக்கு ஏறினார். பையன் மறைக்கவில்லை. "நீங்க சத்தம்தானே கேட்டீங்க? சரித்திரத்தைக் கத்துனா தலையில இருக்கதும் போயிரும். இது போனாப் போவட்டும்னு எடுத்தேன்."

பிள்ளை இறங்கி வண்டிக்காரனுக்குச் சொல்லி அனுப்பினார். நாளை மத்தியானம், களக்காடு.

மறுநாள் காலையில் ஹெட் கான்ஸ்டேபிள் முகம்மது சுல்தான் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "பயப்படாதீங்க பிள்ளைவாள், சும்மா வந்தேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் பிள்ளைக்குப் பயம் வந்தது.

"ரயில் நேரம் சொல்லுதானாமே பையன். கடுதாசியும் எரியுதாம்."

ரயில் நேசையாவுக்குத் தெரியும். கடுதாசி எரிவது அவருக்குத் தெரிய வழியில்லை. பிள்ளை தெரு முழுவதையும் வீடு வீடாகச் சந்தேகப்பட்டு முடித்தார்.

"எரியாத கடுதாசி ஏதும் இருக்கா?"

ஐயம்பெருமாள் அன்று காலையில் எழுதியதைக் கொண்டுவந்தான்.

"இது என்னது?"

"சிப்பாய்க் கலகம். அதுக்கான காரணங்கள்."

தண்ணீர்ச் செம்பு கீழே இறங்கிற்று. "நீயா எழுதுனதா தம்பி?" என்று கேட்டார் சுல்தான்.

"புஸ்தகத்துல உள்ளது."

"எனக்கு இங்கிலீஷ் வராது. ஸ்டேஷன்ல வாசிக்க ஆள் உண்டு. கடுதாசியோட பையனையும் கூட்டிட்டுப் போவணும். பரீட்சைக்குள்ள திரும்புவானான்னு நான் சொல்ல முடியாது."

"அதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்றார் பிள்ளை. "அசலையும் நகலையும் ஒப்புநோக்குதது என் உத்தியோகம்."

புத்தகத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். இடது ஆள்காட்டி விரல் அசலில். வலது விரல் நகலில். இரண்டும் எழுத்து எழுத்தாக ஊர்ந்தன. சுல்தான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பத்தி சரி. இரண்டாவதில் ஒரு வார்த்தை விட்டிருந்தான். ஓரத்தில் சேர்த்தும் இருந்தான். மூன்றாவது சரி. மூடிய புத்தகத்திலிருந்து இவ்வளவும் எடுத்திருக்கிறான் என்று பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. கோர்ட்டில் அசலைத் திறந்து வைத்துக்கொண்டே இதைவிட மோசமாக எழுதும் குமாஸ்தாக்களை அவர் அறிவார். பையன் படிக்கத்தான் செய்கிறான்.

நாலாவது பத்தியின் முடிவில் இடது விரலுக்கு வரி தீர்ந்துவிட்டது. வலது விரலுக்குக் கீழே இன்னும் ஒன்றரை வரி இருந்தது.

பிள்ளையின் விரல் நின்றது. மகன் மேலே உத்தரக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் நின்னுட்டீரு?" என்றார் சுல்தான்.

"மை ஊறியிருக்கு."

பிள்ளை இரண்டு விரலையும் சேர்த்தே நகர்த்தினார். புத்தகத்தில் அந்த இடத்தில் வேறு ஏதோ பத்தி இருந்தது. இடது விரல் அதன்மேல் ஒன்றரை வரி தூரம், அதே வேகத்தில், ஒரு எழுத்தையும் விடாதது போல ஊர்ந்தது.

"நகல் சரி," என்றார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் சொன்ன முதல் பொய் ஒப்புநோக்கு அது.

சுல்தான் எழுந்தார். தாளை எடுத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, "இது அடுப்புக்குப் போற கடுதாசிதானே," என்றார். அவர் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்பது முகத்தில் தெரியவில்லை.

அவர் தலை மறைந்ததும் பிள்ளை கேட்டார்: "லே, அந்தக் கடைசி ஒன்றரை வரி?"

"அது எனக்குத் தோணின காரணம். பரீட்சையில எழுத மாட்டேன். என்னன்னு சொல்லட்டுமா?"

தெரிந்துகொண்டால் தெரியாது என்று சத்தியம் செய்ய முடியாது. "வேண்டாம்," என்றார் பிள்ளை. தாளைத் தாமே அடுப்பில் போட்டார். வண்டி வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். இனிமேல் சத்தமும் வேண்டாம் என்றார்.

பிறகு மச்சுப்படியின் அடியில் உட்கார்ந்துகொண்டார். மேலே பேனா ஓடுகிற சத்தம் லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடி ஓடிற்று. அது புத்தகத்தில் உள்ளதா, இல்லாததா என்று பிள்ளை காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.