இரண்டு பேருக்கான வெயில்

மின்விசிறி நிற்கிறபோது ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவதற்குள் அவன் எழுந்து பாதி தூரம் போயிருப்பான். சமையலறையிலிருந்து மாமியார் வந்திருப்பார். உள்ளறை வாசலில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறையாக வந்து நிற்பார்கள். உள்ளே கட்டில் இருக்கும். கட்டிலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"கரண்ட் போயிடுச்சு" என்பார் மாமியார், ஏதோ செய்தி சொல்வதுபோல.

"ஆமா அத்தை."

அவர் ஒரு பக்கம் போவார். அவன் ஒரு பக்கம் போவான். ஏழு மாதமாக இதே கூத்து.

அதற்கு முன்பு இரண்டு வருடம் இது கூத்தாக இல்லை, வேலையாக இருந்தது. அவன் மனைவியின் நுரையீரலுக்குச் சொந்தமாகக் காற்று இழுக்கத் தெம்பு போய்விட்டது. கட்டில் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் அது கத்தும். மூக்கிலிருக்கும் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி சிலிண்டரில் மாட்ட வேண்டும். அவன் சிலிண்டரின் சாவியைத் திருப்புவான், மாமியார் குழாயைப் பிடிப்பார். பழகப் பழக ஒரு நிமிட வேலை அரை நிமிட வேலையானது. "ரெண்டு பேரும் சர்க்கஸ்ல சேர்ந்துடுங்க" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள். அவள் போன அன்று கரண்ட் போகவே இல்லை.

மெஷினையும் சிலிண்டரையும் வாடகைக்கு விட்டவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் சிலிண்டர் நின்ற இடத்தில் ஒரு வட்டம் மட்டும் பாக்கி. கால்களுக்கு மட்டும் சேதி இன்னும் எட்டவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. மாமியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஈரத் தரையில் ஓடி, வழுக்கி, முழங்கை வீங்கிவிட்டது. அன்று மாலையே அவர் மகன் வெளியூரிலிருந்து போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அங்க இன்னும் என்னம்மா பண்றே? அவருக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம். மாசக் கடைசியில வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"வரேன்டா, வரேன்" என்றார் மாமியார். மறுநாள் அவருடைய நீலப் பை அலமாரி மேலிருந்து இறங்கி வாசல் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. தினமும் ஒரு துணி அதற்குள் போனது.

போகாதீர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எந்த உரிமையில் சொல்வது? மகள் இருந்தவரை மாமியார். மகள் இல்லாத வீட்டில் அவர் யார், முப்பத்திரண்டு வயதில் அவன் யார்? ஆனால் கரண்ட் போகாமல் இருந்தால் அவர் ஓடமாட்டார், ஓடாவிட்டால் விழமாட்டார் என்று மட்டும் தோன்றியது. கல்லூரியின் வேதியியல் கூடத்தில் அமிலப் புட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலை அவனுக்கு. அன்று மூன்று முறை எண்ணினான். மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது.

எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் மாடியில் சோலார் பேனல் போட்டு ஒரு வருடமாகிறது. காலையில் துடைப்பமும் வாளியுமாக ஏறி, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைக் கழுவுவார். அவரிடம் போனான்.

"அண்ணே, சோலார் போட்டதுல லாபம்தானா?"

"பில்லு பாதியாயிடுச்சு தம்பி. அதைப் பார்த்துட்டு உங்க அண்ணி ரெண்டாவது ஏசி வாங்கிட்டா. இப்ப பில்லு பழையபடி வந்து நிக்குது. கேட்டா, 'வெயில் சும்மாதானே அடிக்குது'ங்கிறா."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஏசியில குறட்டை விடுறது யாருன்னும் சொல்லுங்க!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "போட்ட காசு எப்ப திரும்புமோ தெரியல. ஆனா மனசுக்கு நல்லாருக்கு."

"கரண்ட் போனா உங்க வீட்டுல போகாதுல்ல?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. தெருவுல போனா என் வீட்லயும் போயிடும். நம்ம பேனல் பாட்டுக்குக் கரண்டைக் கம்பியில அனுப்பினா, மேல ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் செத்துடுவான்ல? அதனால அதுவே அணைஞ்சுக்கும். சுள்ளுன்னு வெயில் அடிக்கும், நான் விசிறி மட்டையோட உட்கார்ந்திருப்பேன். போகாம இருக்கணும்னா பேட்டரி வைக்கணும். அது யானை விலை."

"வைக்கலாம்" என்றான் அவன்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு போன் நம்பர் கொடுத்தார்.

சனிக்கிழமை பகல் வெயில்காரர் வந்தார். ஊரில் பாதி மாடிகளுக்கு அவர்தான் பேனல் பொருத்தியவர் என்பதால் அப்படி ஒரு பெயர். டேப்பும் சாக்பீஸுமாக மாடி முழுவதும் நடந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மணிக்கு எதுவரை வரும் என்று கோடு போட்டார். அவர் பின்னாலேயே அவனும் நடந்தான். நிற்க முடியவில்லை.

"சார், கொஞ்சம் நில்லுங்க. உங்க நிழலையும் சேர்த்து அளந்துடப் போறேன்."

கீழே இறங்கிவந்து பன்னிரண்டு மாத பில்லைக் கேட்டார். மேஜையில் பரப்பினார். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

"முதல் அஞ்சு மாசம் முந்நூத்தம்பது யூனிட் கிட்ட ஓடுது. அப்புறம் ஏழு மாசம் எழுபது, எழுபத்தஞ்சுன்னு படுத்துடுச்சே. வீடு பூட்டிக் கிடந்துச்சா?"

அவன் மாமியாரைப் பார்க்கவில்லை. "ம்" என்றான்.

"அதான பார்த்தேன். அப்ப அதைக் கணக்குல எடுக்கக்கூடாது. ஆள் இருக்கிற மாசத்தை வெச்சுத்தான் பார்க்கணும்." ஏழு பில்களை ஒதுக்கிவிட்டு ஐந்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மூணு கிலோவாட். ஆறு பேனல். இந்த மாதிரி செலவு பண்ற வீட்டுக்கு சோலார் கொள்ளை லாபம் சார். அஞ்சரை வருஷத்துல போட்ட காசு வந்துடும்."

அந்தக் கணக்கில் அவள் இன்னும் கட்டிலில் இருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பேட்டரியோட போடுங்க" என்றான்.

வெயில்காரர் பேனாவை மூடினார். "விக்கிறவன் நானே சொல்றேன், வேண்டாம். பேட்டரி சேர்ந்தா மொத்தச் செலவு ரெண்டு மடங்கு ஆயிடும். காசு திரும்பி வர்ற நேரத்துக்கு பேட்டரி செத்திருக்கும், மறுபடி புதுசு வாங்கணும். இந்த ஊர்ல எவ்வளவு நேரம் கரண்ட் போகுது? ஒரு நாளைக்கு அரை மணி. அந்த அரை மணிக்காகவா?"

"ஆமா."

"வீட்ல யாராச்சும் உடம்பு முடியாதவங்க..."

மின்விசிறி இழுத்துக்கொண்டு நின்றது.

நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. ஆனால் அதற்குள் உள்ளறை வாசலுக்கு வந்திருந்தான். மாமியாரும் வந்திருந்தார். அவர் கை முன்னால் நீண்டிருந்தது, குழாயைப் பிடிக்கிற மாதிரி. அவன் கை, இல்லாத சாவியில் இருந்தது. இரண்டு பேரும் கையைக் கீழே போட்டார்கள்.

திரும்பிப் பார்த்தால் வெயில்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, காலிக் கட்டிலையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடு பூட்டிக் கிடக்கலை" என்றார் மாமியார். குரல் உடையவில்லை. "நாங்க இங்கதான் இருந்தோம். அந்த அஞ்சு மாசம் ஓடினது என் பொண்ணோட ஆக்சிஜன் மெஷின். இப்ப அது இல்ல. அவளும் இல்ல."

வெயில்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

மாமியார் அவன் பக்கம் திரும்பினார். "யாருக்கு மாப்பிள்ளை பேட்டரி?"

"நீங்க விழுந்தீங்களே அத்தை."

"நான் விழுந்தது ஈரத்துல. அதுக்குத் தரையைத் துடைச்சா போதும்." அவர் வந்து மேஜை முன் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. ஒதுக்கிவைத்த ஏழு பில்களை எடுத்து வெயில்காரர் முன்னால் வைத்தார். "இதுதான் வீட்டுல ஆள் இருக்கிற மாசம். ரெண்டு ஆள். இதை வெச்சுச் சொல்லுங்க."

"எதுக்கு அத்தை, நீங்கதான் மாசக் கடைசியில..."

"கேக்குறதுக்கு என்ன காசா பணமா?"

வெயில்காரர் புதிய தாளில் எழுதினார். நேரம் எடுத்துக்கொண்டார். விற்க வந்த பொருளைத் தானே மட்டம் தட்டுகிற சங்கடம் முகத்தில் தெரிந்தது. "ஒரு கிலோவாட்டே அதிகம். ரெண்டு பேனல். ஆனா உங்க செலவே கம்மி, அதனால மிச்சமாகிறதும் கம்மி. பேட்டரி இல்லாமப் போட்டாக்கூட காசு திரும்பப் பதினொரு வருஷம் ஆகும்மா. உண்மையைச் சொன்னா, இந்த வீட்டுக்கு சோலார் தேவையே இல்ல."

"பதினொரு வருஷம்" என்றார் மாமியார். விரலை மடக்கினார். "எனக்கு அறுபத்தொம்பது ஆயிருக்கும். இவருக்கு நாப்பத்திமூணு."

தெருவில் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி எதையோ சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு பேனலையும் பதினொரு வருஷம் கழுவணுமா?"

"வாரத்துக்கு ஒரு தடவை கழுவினா நல்லதும்மா. தூசி படிஞ்சா கரண்ட் குறையும்."

"இவரு கழுவமாட்டாரு. சொந்தத் தட்டையே நான்தான் கழுவறேன்." சற்று யோசித்தார். "நடுவுல வீட்டுல இன்னொரு ஆள் வந்தா? ஆள் கூடினா கணக்கு மாறுமா?"

"அத்தை" என்றான் அவன்.

"நான் இவரைக் கேக்குறேன் மாப்பிள்ளை."

வெயில்காரர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆள் கூடினா செலவு கூடும். செலவு கூடினா காசு சீக்கிரம் திரும்பும். ஒன்பது வருஷத்துல முடிஞ்சிடும்."

"பரவாயில்லையே" என்றார் மாமியார். "எல்லாத்துக்கும் ஆள் கூடினா நஷ்டம்தான் வரும். இதுல லாபம்." பிறகு அவனிடம், "உங்களுக்கு நஷ்டம்னு பட்டா இப்பவே சொல்லிடுங்க. பதினொரு வருஷம் சின்ன விஷயம் இல்ல" என்றார்.

அவன் வாயைத் திறந்தான். தலையை மட்டும் ஆட்டினான். அது ஆம் என்றா இல்லை என்றா என்று அவனுக்கே தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்துவிட்டது.

"எழுதுங்க" என்றார் வெயில்காரரிடம். "பேட்டரி வேண்டாம். கரண்ட் போனா, வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். இல்ல, ஓடித்தான் பார்ப்போம். கால் அலுத்தா தானா நிக்கும்."

வெயில்காரர் தாளை நீட்டினார். மாமியார் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், தள்ளி வைத்தார். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. கண்ணாடி அந்தப் பைக்குள்ள இருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம் எடுத்துத் தாங்க."

அவன் வாசல் பக்கம் போய் நீலப் பையின் ஜிப்பை இழுத்தான். கையை விட்டுத் துழாவினான். கிடைக்கவில்லை. உள்ளறையைப் பார்த்தான். பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டில்மேல் வைத்தான். மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினான். துண்டு, சீப்பு, மருந்துப் பெட்டி, மகள் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போன கைக்கடிகாரம். பாதி அடுக்கியிருந்தபோது மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. மேலே இருந்த துணியின் முனை படபடத்தது. அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் அடியில் தேடிக்கொண்டிருந்தான்.

"கிடைச்சுதா?" என்று கேட்டது மாமியாரின் குரல்.

"அடியில இருக்கு அத்தை. எல்லாத்தையும் எடுக்கணும்."

"எடுங்க" என்றார் அவர்.