எங்கள் எஜமானும் ஓர் அடிமைதான்

எங்கள் எஜமான் பிலோக்ரதேசுக்குக் கொரிந்துத் துறைமுகத்தில் கிடங்குகள், மலையடியில் ஒலிவத் தோப்பு, வீடு நிறைய நாங்கள், அவருடைய அடிமைகள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் சபை கூடினால் மட்டும் அவரும் அடிமையாகிவிடுவார். "நான் கிறிஸ்துவின் அடிமை!" என்று கையை விரிப்பார். விரலுக்கு விரல் மோதிரம். ரோமாபுரியில் ஆளும் ராயனின் அடிமை வந்தாலே ஊர் ஒதுங்கி வழிவிடும். ராயனுக்கும் மேலே இருப்பவருக்கு அடிமை என்றால் சும்மாவா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் வயிறே எரிந்தது. அவர் மகளுக்கு ஸ்மிர்னாவில் கல்யாணம். பாத்திரம் பண்டத்தோடு என் ஒரே மகள் மிர்த்தாலேயையும் சீராக அனுப்பப் போகிறார்கள். கடல் தாண்டினால் பிறகு அவள் முகத்தை நான் எங்கே பார்ப்பது?

போன குளிர்காலத்தில் என் பழைய போர்வையை அண்டை வீட்டுக்காரிக்குக் கொடுத்ததற்கு எஜமான் சாட்டையை எடுத்தார். "அடிமைக்கு ஏதுடி சொந்தம்? உன் மேல கிடக்கிற கந்தலும் என்னுது!"

பரிசுத்த ஆவி வந்தால் அடிமையும் எழுந்து பேசலாம் என்பது சபை வழக்கம். அந்த ஞாயிறு எனக்கு வந்தது ஆவியோ ஆத்திரமோ, எழுந்துவிட்டேன்.

"ஆண்டவரே, உம்ம அடிமை பிலோக்ரதேஸ் உம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம உம்ம பொருளை சீர் குடுக்கிறாரு. மிர்த்தாலே உம்ம சொத்து. அடிமைக்கு ஏது சொந்தம்னு அவரே சாட்டையால சொல்லிக் குடுத்திருக்காரு!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சபை மூப்பர் தீகோன் தாடியைச் சொறிந்தார். "இவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கே, சகோதரரே."

"அது பேச்சுக்குச் சொல்றது, பெரியவரே!"

"ஜெபத்துலயும் பேச்சுக்குத்தானா, எஜமான்?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "யோசிச்சு சொல்றேன்" என்றார்.

வாரம் முழுக்க யோசித்தார். எனக்கும் நப்பாசை; அவர் தட்டில் பெரிய மீனாகப் பார்த்து வைத்தேன். அடுத்த ஞாயிறு கையை விரித்தார்.

"நான் கிறிஸ்துவின் நண்பன்!"

சபை மொத்தமும் ஆமென் போட்டது. தீகோனும்தான். நண்பன் தன் பொருளை யாருக்குக் கொடுத்தால் யார் கேட்பது?

மறுநாள் காலை மிர்த்தாலேயைக் கப்பலேற்றினார்கள். "அம்மா, அம்மா" என்று அவள் கத்தியது கப்பல் கண்ணுக்கு மறையும்வரை கேட்டது. துறையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதேன்.

எஜமான் பக்கத்தில் வந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அழாத, சகோதரி."

அதுவரை ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, பாவி.