எண் இல்லாத அளவு

அளவு எடுத்தால் உரக்கச் சொல்ல வேண்டும். தையல்காரிக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அந்தப் பக்கம் வெட்டுமேசையில் நிற்கும் நாத்தனார் காதில் விழுந்தால்தானே துணியில் கோடு போடுவாள்? அப்படித்தான் அன்றைக்கு மகளுக்கு அளவெடுத்தபோதும் சொன்னாள், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது. "இடுப்பு போன தடவைய விட ரெண்டு இஞ்சு கூட." "துணி பத்துமா அண்ணி?" என்று நாத்தனார் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பாழாய்ப்போன வாய், தையல்காரியும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளை சாப்பாட்டைக் கொறிப்பதோடு சரி. அப்பாவின் தொளதொளச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டாள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, அம்மாவின் தட்டிலேயே கைவைத்து, வாய் ஓயாமல் கதையளப்பாள். அந்தக் கை மறுபடி தன் தட்டுக்கு வராதா என்று தையல்காரி ஏங்கிப்போனாள். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்காமல், கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"சாப்பிடு சாப்பிடுன்னு பின்னாடியே நிக்காதீங்கம்மா," என்றார் டாக்டர். "அவ உடம்பைப் பத்தி நல்லதாக்கூடச் சொல்ல வேண்டாம். வாராவாரம் கூட்டிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம். நீங்க உக்காந்து நிம்மதியா சாப்பிடுங்க."

உட்கார்ந்து சாப்பிடுவதா? மெஷினுக்கும் மேசைக்கும் நடுவே நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டே பழகியவள். இப்போது சாயங்காலமானால் மெஷினை நிறுத்திவிட்டு, மடியில் தட்டோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலி காலியாகவே கிடந்தது.

ஒருநாள் அப்படி ரொட்டியும் முட்டையுமாக உட்காரும்போது மகள் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு சட்டை வேணும். ஆனா நம்பர் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்டா."

"நீயும் பாக்கக் கூடாது."

இதென்ன கூத்து, எண்ணைப் பார்க்காமல் எப்படித் தைப்பது? தையல்காரி ஒரு கணம் விழித்தாள். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி மேசையில் போட்டாள். மிச்சத்துணியில் கிழித்த நாடா ஒன்றைப் பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டாள். விரலுக்கடியில் எலும்பு தட்டுப்பட்டது. வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தளர்வா போடும்மா," என்றாள் மகள்.

தையல்காரி முடிச்சை அவிழ்த்து, சற்றுத் தள்ளிப் போட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி உட்கார்ந்தபோது, பக்கத்தில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு கை வந்து ரொட்டியைப் பாதியாகப் பிய்த்தது. தையல்காரி திரும்பவில்லை. மேசையில் கிடந்த நாடாவின் முடிச்சையே பார்த்தபடி, தன் பாதியை மெதுவாக மென்றாள்.