இலையின் பற்கள்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே ஹம்சினி திருகைத் திருப்பினாள். மேஜைக்கடியில் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

“நடு நரம்பு தெரியுதா?” கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். குரல் வெறும் காற்றாக வந்தது.

“தெரியுதுப்பா.”

“ஓரத்துல பல்லு இருக்கும் பாரு. பாதி இலை வரைக்குமா, அடி வரைக்குமா?”

அப்பாவுக்கு இன்றைய பொழுது தாண்டாது என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து ஹம்சினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே துடைத்தாள். கார் சாவியை எடுத்தாள், வைத்தாள். அப்போதுதான் அப்பா பல வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்த ஒரு காய்ந்த பாசிப் பொட்டலத்தைக் கேட்டார்.

அப்பா ஜெயசங்கரும் பிரெஞ்சு பேசும் அவர் நண்பர் பேனாடும் இந்தக் குளிர் நாட்டில் ஒரே பல்கலைக்கழகத்தில், பாறையிலும் மரத்திலும் குட்டி இலைகளோடு படரும் பாசிகளை வகைப்படுத்தியவர்கள். சதுப்புக் காடுகளில் ஒன்றாகவே திரிந்தவர்கள். இந்த ஒரு பாசி எந்த இனம் என்பதில் பேச்சு தடித்து, “உனக்குக் கண்ணே தெரியல” என்று மாணவர்கள் முன்னால் அப்பா சொல்லிவிட்டார். அத்தோடு உறவு அறுந்தது. பொட்டலத்தையும் அவர் பிறகு திறக்கவில்லை. பல் பாதி வரை என்றால் அப்பா சொன்னது சரி. அடி வரை என்றால் பேனாட்.

ஹம்சினி இலையை நகர்த்தினாள். பற்கள் நின்றபாடில்லை, அடி வரை இறங்கின. இன்னொரு இலையை வைத்தாள். அதிலும் அப்படித்தான்.

அவள் முகத்தைப் பார்த்தே அம்மா கிரிஜாவுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாதே என்று தலையசைத்தாள்.

“என்னடி, பாத்தியா?”

“அடி வரைக்கும் இருக்குப்பா.”

அப்பா கண்களை மூடிக்கொண்டார். தோள்கள் மெல்லக் குலுங்கின. சிரிக்கிறார் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

“அவனுக்குப் போனைப் போடு. நானே சொல்றேன்.”

அவருடைய போனில் பேனாடின் பெயர் அப்படியே இருந்தது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. “எடுக்க மாட்டேங்கறாருப்பா, இருங்க” என்று ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

“ஹம்சினி” என்றாள் அம்மா.

திரும்பினாள். அம்மாவின் உள்ளங்கை அப்பாவின் நெஞ்சில் இருந்தது. நெஞ்சு அசையவில்லை.

“ஜெயா?” போனில் ஒரு முதிய குரல். “ஜெயா, நீயா?”

ஹம்சினி போனைக் காதில் வைத்தபடி கட்டிலருகே வந்தாள். அந்தப் பக்கம் சற்றுத் தயங்கியது. பிறகு பிரெஞ்சில் அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தது. பனி உருகிவிட்டதாம். காட்டுக்குள் பாதை திறந்துவிட்டதாம். முட்டி முன்போல இல்லையாம், மெதுவாக நடந்தால் போதுமாம்.

அவள் ஸ்பீக்கரை அழுத்தி, போனை அப்பாவின் தலையணையில் வைத்தாள். அம்மா போர்வையை அவர் தோள் வரை இழுத்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை தோதுப்படுமா என்று பேனாட் கேட்டுக்கொண்டிருந்தார்.