தங்ரி கணவாயின் வடிதாள்கள்

தங்ரி கணவாயில் அங்மோவுக்குக் காலையில் முதல் வேலை, காற்றை உறிஞ்சும் இரும்புப் பெட்டியைத் திறந்து, அழுக்கைப் பிடித்துவைக்கும் முந்தின நாள் வடிதாளை இடுக்கியால் எடுப்பது. வெள்ளையாக வைத்த தாள் கரி அப்பி வெளியே வரும். உறையிலிட்டு, புதுத் தாளைப் பொருத்திவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

கணவாய் சரணாலயத்துக்குள் இருந்தது. பனி பார்க்க வருகிறவர்களின் கார்கள் கோடை முழுக்க அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே குளிருமென்று யாரும் என்ஜினை அணைப்பதில்லை. அந்தப் புகையை அளக்கத்தான் பெட்டி.

போன கோடையில் அவள் புருஷன் நவாங்குக்கு நெஞ்சுவலி வந்தது. ஜீப்பில் கிடத்திக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அருவி வளைவில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் கார்கள். சிலர் இறங்கி அருவியோடு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மடியிலேயே அவன் போய்விட்டான்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று சரணாலயத்தார் சொன்னபோது அவள் போய்ச் சேர்ந்தாள். பழிவாங்கப் போகிறாள் என்றது ஊர். அவளும் ஆத்திரம் வருமென்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. வீட்டில் உட்காருவதற்குப் பதில் இங்கே உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

சீசன் முடிகிற சமயத்தில் நவாங்கின் தம்பி ரிக்ஸின் வந்தான். இரண்டு டாக்ஸி வைத்திருந்தான். பிளாஸ்கில் வெண்ணெய்த் தேநீர் கொண்டுவந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான். இந்தப் பெட்டியின் கணக்கைப் பார்த்துத்தான் கார்களை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்களாம்.

"கூட்டம் நெரியுற நேரத்துக்கு மட்டும் கரண்ட் போயிருச்சுன்னு எழுதிடுங்க அண்ணி. யார் வந்து பாக்கப் போறா?"

"கரண்ட் போகலியே."

"அண்ணன் இருந்தா எனக்காக எழுதியிருப்பாரு."

"ஆமா, எழுதியிருப்பாரு."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப எழுதிடுவீங்க."

"எனக்குத் தோணல, ரிக்ஸின்."

சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு அவனும் சண்டை போட்டிருப்பான். அவள் குரலில் எதுவுமே இல்லை. பிளாஸ்கைக்கூட எடுக்காமல் போனான். உள்ளது உள்ளபடியே கணக்கு போயிற்று.

மறு கோடைக்குள் உத்தரவு வந்துவிட்டது. தினம் சில கார்களுக்கு மட்டும் அனுமதி, மற்றவர்களுக்கு மின்சாரப் பேருந்து. ரிக்ஸின் டாக்ஸிகளை விற்றுவிட்டுப் பேருந்து ஓட்டப் போனான். அவன் மனைவி குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் அங்மோவுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாங்கும் அடி போலத்தான் இருந்தது.

புகையில் வேலை செய்கிறவர்கள் நெஞ்சைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரிக்ஸின் ஓட்டிய பேருந்துதான் வந்தது. ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வந்துருச்சு அண்ணி."

அவள் எழுந்திருக்கவில்லை. "அருவி?"

"அப்பவே தாண்டியாச்சே."

"அதுக்குள்ளயா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரோடு காலியா இருந்தா இவ்வளவு தூரந்தான்."

பின்னாலிருந்து யாரோ வண்டி போகாதா என்று கேட்டார். ரிக்ஸின் காதில் வாங்கவில்லை. அவளாக எழுந்து இறங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தான்.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

வெளியே வந்தபோது ரிக்ஸின் வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நகர்ந்து இடம் விட்டான். மடியிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிட்டு மனைவி அரைத்துக் கொடுத்த வால்நட் துவையல் தடவிக் கொடுத்தான். அவள் மெதுவாக மென்றாள்.

"உப்பு கம்மி," என்றாள்.

"வீட்டுக்கு வந்து அவகிட்டயே சொல்லுங்க. எனக்கு அவ்வளவு தைரியமெல்லாம் கிடையாது."

அவள் கையிலிருந்த மீதி ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தாள்.